முகூர்த்த நேரத்தில் நான் போட்ட ஜீரோ

டேய் கோபி, நீ இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாய். "பத்தாவதுல தமிழ்லயே ஃபெயிலானவன் நீ, உனக்கு இன்னாத்துக்குடா எழுத்து வேலை" என்று பேனாவைப் பிடுங்கியிருப்பாய். பிடுங்க ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ போனதிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கடையில் உட்கார்ந்தால் எழுந்து தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் நடக்கிறேன். அங்கே போனதும் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். டீ சொல்லிவிட்டு, வருவதற்குள் கிளம்பிவிடுகிறேன். உன் தங்கச்சி சுகன்யாதான் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "அண்ணா, சும்மா அலையாத. என் கல்யாணக் கதைய எழுதி வெய்யி. ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லினு இருக்காங்க, கோபி இல்லாதப்ப நீ ஒருத்தன்தான் ஒழுங்கா சொல்லணும்" என்றாள். தப்பாக எழுதினால் அங்கேயிருந்தே திட்டு.

இனி படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் சதீஷ். தாம்பரத்தில் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. பத்தாவதோடு படிப்பு என்னை விட்டுவிட்டது (நான் அதை விடவில்லை, மறுபடியும் எழுதிப் பார்த்தேன்). என்னிடம் ஒரு வியாதி உண்டு. கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற ஃபேனைப் பார்த்தால், கழற்றி எண்ணெய் விட்டால் இன்னும் நன்றாக ஓடுமே என்று தோன்றும். அப்படி நான் கழற்றிய ஃபேன்கள் எல்லாம் இப்போது எங்கள் வீட்டுப் பரண்மேல் ஓய்வெடுக்கின்றன.

கோபி என் வயசு, என் தெரு. பாலிடெக்னிக் முடித்துவிட்டு சிறுசேரியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். முகூர்த்த நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்து கல்யாண லைவ் செய்தோம். போட்டோகிராபரின் கேமராவிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பழைய லேப்டாப்பில் செருகுவோம். கோபி எழுதிய ப்ரோகிராம் அந்தப் படத்தை நெட்டில் அனுப்பும். வர முடியாத துபாய் சித்தப்பாக்கள் செல்போனில் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் தொழிலில் மூளை அவன், ஒயர் நான்.

அப்புறம் கோபிக்கு கிட்னி போனது. இரண்டும். டயாலிசிஸ், ஊசி, தண்ணீரை அளந்து குடிப்பது என்று நாட்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே சுகன்யாவுக்கு மாப்பிள்ளை அமைந்தார், அருண் என்று, தங்கமான ஆள். ஊரப்பாக்கத்தில் மண்டபம் பார்த்தோம். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், கோபிக்குக் காய்ச்சல் வந்து குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். "கல்யாண மண்டபமா? அந்தக் கூட்டத்துலயா? பேச்சே எடுக்காதீங்க" என்று டாக்டர் முடித்துவிட்டார்.

அருண் தேதியைத் தள்ளி வைக்கலாம் என்றுதான் சொன்னார். கோபி விடவில்லை.

"தேதிய மாத்தினீங்கனா இந்த ஊசியெல்லாம் பிச்சிப் போட்டுட்டு எகிறி ஓடிடுவேன். ஊருக்கெல்லாம் லைவ் காட்டறோம், எனக்குக் காட்ட மாட்டமா?" என்றான். அப்புறம் என் கையைப் பிடித்து, "மச்சான், பந்தி, மொய், மாப்பிள்ளை ஊட்டு கோவம், எல்லாத்தையும் நீ பாத்துக்கோ. எனக்கு அந்தத் தாலி கட்டற நிமிஷம் மட்டும் போதும். அதை மட்டும் நேர்ல பாக்கற மாதிரி காட்டிடுடா" என்றான்.

அப்பா இல்லாத வீடு. சுகன்யா பள்ளிக்கூடம் போகும்போது அவள் பையைத் தூக்கியவன் அவன்தான். அவன் கேட்டது அது ஒன்றைத்தான்.

கூடவே இன்னொரு பொறுப்பும் கொடுத்தான். தாலி கட்டி முடிந்து அக்னி வளர்க்கும்போது, பெண்ணின் கையில் அண்ணன் பொரி அள்ளிப் போட வேண்டும். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தால்? "கூடப் பொறந்தவன் வர முடியலனா அவன் யாரை கை காட்டறானோ அவன் போடலாம்னு ஐயர் சொல்லிட்டாரு. உன்ன கை காட்டிட்டேன்."

"நானாடா? எனக்கு அதெல்லாம்..."

"பொரி போடறதுக்கு டிகிரியா கேக்கறாங்க? போய் போடு."

கடைசியாக லேப்டாப்பின் ரூட் பாஸ்வேர்டைச் சொன்னான். அதுவரைக்கும் எனக்கு அதைச் சொன்னதில்லை. ரூட் என்றால் அந்த மெஷினில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று அர்த்தம். என்னைத் தெரிந்தவன் எவனும் எனக்கு அதைத் தரமாட்டான்.

"மெஷினே செத்துப்போச்சுனா எழுப்பறதுக்கு மட்டும். மத்தபடி லைவ் ஓடுதா, ஓடட்டும். நீ எதையும் நோண்டாத. சுகு மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். (பண்ணும்போதே அந்தக் கை அரித்தது.)

முகூர்த்தக் காலை. மேடைக்குப் பக்கத்தில், வாழைமரத்து மறைவில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை. மேஜைமேல் லேப்டாப், பக்கத்தில் ஒரு தட்டில் போண்டா. போட்டோகிராபர் செல்வம் அண்ணன் கேமராவை முடுக்கினார். நான் லைவைத் தட்டினேன். ஓடியது. கோபி உடனே போன் போட்டான்.

"சூப்பர்டா மச்சான். வார்டுல சிஸ்டருங்க எல்லாம் பாத்துனு கீறாங்க. சத்தம் மட்டும் கொஞ்சம் முந்தினு வருது. மேளக்காரர் கை எறங்கறதுக்கு முன்னாடியே அடி வுழுது."

"சரி பண்ணிடறேன்."

"பண்ணாத. நான் தாலியப் பாக்கத்தான் போறேன், கேக்கப் போறதில்ல. போன வையி."

வைத்தேன். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் மேளம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும், அங்கே குரோம்பேட்டையில் அது முந்திக்கொண்டு விழுகிறதே என்று என் கால் ஆடியது. மேஜையும் ஆடியது. மேஜை ஆடி போண்டாவும் ஆடியது. செல்வம் அண்ணன் திரும்பி, "போனை சைலன்ட்ல போடு, காலையும் சைலன்ட்ல போடு" என்றார். போனைப் போட்டேன். கால் கேட்கவில்லை.

டீபக்கர் என்று ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோகிராமுக்குள் தலையை விட்டுப் பார்க்கிற கருவி. கோபி அதை வைத்து உள்ளே இருக்கிற எண்களை மாற்றுவதை அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்ததை எல்லாம் கற்றுக்கொண்டதாக நினைப்பது என் இரண்டாவது வியாதி. உள்ளே போய், சத்தத்துக்கான எண் எதுவோ அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டால், தாலி கட்டும்போது படமும் மேளமும் ஒன்றாகப் போய் விழும். கோபி அசந்துபோவான். அவ்வளவுதான் என் திட்டம்.

டீபக்கரைத் திறந்து, அந்த ப்ரோகிராமைப் பிடி என்றேன்.

அனுமதி இல்லை என்று வந்தது.

மறுத்தது கெர்னல். கெர்னல் என்பது மெஷினுக்குள் உட்கார்ந்திருக்கிற பெரிய ஆள். எந்த ப்ரோகிராம் எதைத் தொடலாம் என்று எல்லோரும் அதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஒருத்தர் இன்னொரு ப்ரோகிராமுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் அது முதலில் கேட்பது, நீ யார், அது யாருடையது என்பதுதான். நான் சதீஷ் என்ற பெயரில் இருந்தேன். கோபி அந்த லைவ் ப்ரோகிராமைத் தனியாக வேறு பெயரில் ஓட வைத்திருந்தான். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பையை நான் எப்படிச் சோதனை போடுவது? நியாயம்தான்.

எனக்கு அந்த இன்னொரு பெயரின் பாஸ்வேர்டு தெரியும், ஒவ்வொரு தடவையும் லைவைக் கிளப்புகிறவன் நான்தானே. அந்தப் பெயரில் நுழைந்து மறுபடியும் கேட்டேன்.

மறுபடியும் இல்லை.

இது எனக்கு அவமானமாக இருந்தது. (பின்னால் கோபி திட்டிக்கொண்டே விளக்கினான். ஒரே பெயரில் இருந்தால் மட்டும் போதாதாம். ஒரு ப்ரோகிராமை எது பெற்றுப்போட்டதோ, அதுவும் அதற்கு மேலே இருக்கிற தலைமுறையும்தான் உள்ளே பார்க்கலாமாம். இல்லாவிட்டால் அந்த ப்ரோகிராமே, இன்னார் என்னைப் பார்க்கலாம் என்று முன்கூட்டியே கை காட்டியிருக்க வேண்டுமாம். ஏதாவது ஒரு திருட்டு ப்ரோகிராம் மெஷினுக்குள் வந்துவிட்டால், பக்கத்தில் ஓடுகிறவற்றிலிருந்து பாஸ்வேர்டுகளை உருவிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. அன்றைக்கு எனக்குப் புரிந்தது, ஒரு லேப்டாப் என்னை மதிக்கவில்லை என்பது மட்டும்.)

இதில் ஒரு விசேஷம். முடியாது என்று சொன்ன அதே டீபக்கர், எங்கே போனால் முடியும் என்றும் கீழே எழுதிக் காட்டியது. இன்ன இடத்தில் ஒரு எண் இருக்கிறது பார், இல்லாவிட்டால் ரூட்டாக வா என்று. வாசலில் விரட்டிவிட்டு, கொல்லைப்புறக் கதவு திறந்துதான் இருக்கிறது என்று காதில் சொல்கிற மாதிரி. போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒன்று என்று இருந்தது. ஒன்று என்றால் காவல் இருக்கிறது. ஜீரோ என்றால் அந்தக் காவல் இல்லை.

ரூட் பாஸ்வேர்டு வேண்டும். சத்தியம் ஞாபகம் வந்தது. மெஷின் சாகவில்லை, ஆனால் சத்தத்துக்கு உடம்பு சரியில்லை, இதுவும் அவசரம்தான் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து, நானே ஜட்ஜாகவும் இருந்து, தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். ரூட்டாக நுழைந்தேன். ஒன்றை அழித்தேன். ஜீரோ போட்டேன். (ரூட்டாகப் போனாலே கெர்னல் விட்டிருக்கும், ஜீரோ வேறு எதற்கு என்று கோபி பிற்பாடு கேட்டான். ரெண்டும் போட்டால் உறுதியாக இருக்குமே என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.)

ஒரு போண்டாவை வாயில் முழுசாக அடைத்துக்கொண்டு, என்டரைத் தட்டினேன்.

உள்ளே விட்டது. வரி வரியாக ஓடியது. இரண்டு தடவை என்னை வெளியே தள்ளிய கெர்னல் இப்போது பேசாமல் வழிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் போண்டாவை மெல்லக்கூட மறந்துவிட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரியாது. டீபக்கர் ஒரு ப்ரோகிராமைப் பிடித்தவுடனே அந்த ப்ரோகிராம் நின்றுவிடும். நீ சொல்லும்வரை மூச்சுவிடாது. டாக்டர் வயிற்றைத் திறக்கும்போது ஆளை மயக்கத்தில் போடுகிற மாதிரி. கோபியின் முதுகுக்குப் பின்னால் நின்றபோது இந்தப் பகுதி வரும் நேரத்தில் நான் டீ வாங்கப் போயிருப்பேன் போலிருக்கிறது.

மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரைக்கு கேமராவிலிருந்து நேரடி ஒயர். அதில் கல்யாணம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் மண்டபத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நான் குனிந்து எண்களைத் துழாவினேன். எந்த எண் சத்தம், எந்த எண் படம் என்று ஒன்றும் புரியவில்லை. ஐயர் கெட்டிமேளம் சொன்னார், மேளம் பொரிந்தது, எல்லோரும் எழுந்தார்கள். யாரோ என் கையில் அட்சதை வைத்தார்கள். நான் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே மேடைப் பக்கமாக வீசினேன். முன்வரிசை மாமா ஒருவர் தலையைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

அட்சதை அடங்கியதும் கோபியின் அம்மா மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். பட்டுப்புடவை, கையில் செல், முகத்தில் குழப்பம்.

"டேய் சதீசு, கோபி லைன்ல கீறான். உன் போனு அடிச்சினே கீதாம், நீ எடுக்கலயாம். அவனுக்கு செல்லுல உன் மூஞ்சிதான் வருதாம். வாய மூட சொல்றான்."

நான் வாயை மூடினேன். போண்டா இன்னும் அங்கேயே இருந்தது.

நடந்தது இதுதான். மாலை மாற்றியதும் செல்வம் அண்ணன் சும்மா கூட்டத்தை ஒரு சுற்றுக் காட்டலாம் என்று கேமராவைத் திருப்பியிருக்கிறார். அது என்மேல் வந்த அந்த நொடியில்தான் நான் என்டரைத் தட்டியிருக்கிறேன். ப்ரோகிராம் நின்றது. படமும் நின்றது. ஒரு கன்னம் கிரிக்கெட் பந்து மாதிரி வீங்கி, கண் இரண்டும் பிதுங்கி, வெற்றிப் பெருமிதத்தோடு நான். துபாய், சிங்கப்பூர், குரோம்பேட்டை வார்டு, எல்லா இடத்திலும் நான்தான். இங்கே என் முதுகுக்குப் பின்னால் தாலி ஏறிக்கொண்டிருந்தது.

போனை வாங்கினேன்.

"மச்சான்," என்றான் கோபி. குரல் நிதானமாக இருந்தது. "தாலி கட்டியாச்சா?"

"கட்டியாச்சுடா."

பின்னால் வார்டில் யாரோ இருமுவது கேட்டது. "நான் பாக்கலடா," என்றான்.

நானும் அவனும் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறோம். ஒரு தடவை கல்லால் என் மண்டையை உடைத்திருக்கிறான். அந்த இரண்டு வார்த்தை மாதிரி எதுவும் வலித்ததில்லை.

"இன்னாடா பண்ண?"

"உள்ள போய் பாத்தேன்."

"உள்ளயா? கெர்னல் உடாதே."

"உடலதான். ஜீரோ போட்டுட்டேன்."

"எதுல?" என்றவன் அவனே புரிந்துகொண்டான். "டேய். டேய். ரூட்டா போனியா?" அப்புறம் ஒரு விசித்திரமான சத்தம் வந்தது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். "ஐயோ, சிரிக்க வைக்காதடா, ஊசி போட்ட எடம் வலிக்குது. சிஸ்டர், அந்தப் போனைக் காட்டுங்க. மூஞ்சியப் பாரு. சரி, இப்ப அழாத. இங்கிலீஷ்ல சீன்னு ஒரு எழுத்து அடிச்சி என்டர் தட்டு. வேற எதையும் தொடாத."

எனக்கு இருந்த பயத்தில், நின்றதை ஓட வைப்பதற்குப் பதிலாக வெளியே போகும் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். இன்ஃபீரியர் ஒன்றை விட்டுவிட்டு நிஜமாகவே போகிறாயா என்று டீபக்கர் கேட்டது. இன்ஃபீரியர், அதாவது மட்டமானவன், என்று என்னைத்தான் திட்டுகிறது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் மறுக்கவும் மனசு வரவில்லை. (அது பிடித்து வைத்திருக்கும் ப்ரோகிராமைத்தான் அப்படிக் கூப்பிடுமாம்.) ஆமாம் என்று தட்டினேன். என் முகம் போய், மேடை வந்தது. லைவ் உயிர் பெற்றது.

மைக்கில் ஐயர் குரல். "பொண்ணுக்கு அண்ணன் யாருங்க? பொரி போடணும், சீக்கிரம் வாங்கோ."

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நான் போகலடா. உனக்கு இப்படி பண்ணிட்டு எந்த மூஞ்சிய வெச்சினு மேடை ஏறுவேன்?" என்றேன் போனில்.

"அதே மூஞ்சிய வெச்சினு ஏறு. ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்க, புதுசா ஒண்ணும் இல்ல. டேய், நான் கை காட்டினது உன்னதான். வேற எவனாவது ஏறினான்னா இங்கேர்ந்து எகிறி வருவேன். போ."

போனேன். சுகன்யா குனிந்தபடியே, "இன்னாண்ணா, வேர்த்துக் கொட்டுது?" என்று கேட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. பொரி அள்ளினேன். அவசரத்தில் பாதி பொரி அருணின் மடியில் விழுந்தது. வேட்டி நழுவியது, ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். மறுபடியும் அள்ளி, இந்தத் தடவை சரியாக அவள் உள்ளங்கையில் போட்டேன். செல்வம் அண்ணன் கேமரா கிட்டே வந்தது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கோபி பார்க்கிறான் என்று தெரிந்ததால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாப்பாட்டுப் பையோடு, வாசலிலிருந்தே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. கோபி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"பொரி நல்லா போட்ட," என்றான். "ரெண்டாவது தடவை." அப்புறம் கேட்டான். "சரி, நான்தான் பாக்கல. நீ பக்கத்துலயே இருந்த இல்ல, சொல்லு. தாலி கட்டும்போது சுகு எப்படி இருந்தா? அழுதாளா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்தேன்.

"நானும் பாக்கலடா. குனிஞ்சி எண்ணுங்களை நோண்டிக்கினு இருந்தேன்."

கோபி என்னைப் பார்த்தான். இந்த முறை அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவன் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம். செல்வம் அண்ணன் வீடியோ தரட்டும். அதுவரைக்கும் நீ பாக்கக் கூடாது."

நான் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் கை அரித்தும் தொடாமல் விட்ட ஒரே பொருள் அந்தப் பென்டிரைவ். செல்வம் அண்ணன் கொடுத்த அன்றே அதை நேராக ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடி, கோபியின் செல்லில் செருகினேன். ஒரு கட்டிலில் இரண்டு பேர் உட்காரக் கூடாது என்று சிஸ்டர் சத்தம் போட்டார், அப்புறம் அவரும் பின்னால் நின்று பார்த்தார். அருண் தாலியை எடுத்தார். சுகன்யா அழவில்லை. கூட்டத்தில் யாரையோ தேடுகிற மாதிரி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு குனிந்தாள். தாலி ஏறியது. முடிந்ததும் கோபி மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஃபோகஸ் சரியில்ல" என்றான். மறுபடியும் போடச் சொன்னான். மறுபடியும். தேடுகிற மாதிரி அவள் நிமிர்கிற இடம் வரும்போதெல்லாம் செல்லைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வந்தான், திரும்பப் போனான், வந்தான், போனான். கடைசியாகப் போனபோது வரவில்லை.

என் போண்டா முகம் மட்டும் வாழ்கிறது. கோபிதான் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குரூப்புக்கு அனுப்பினான். சுகன்யா அதை பிரேம் போட்டு, கல்யாணப் போட்டோக்களுக்கு நடுவில், வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் இது யார் என்று கேட்டால், அருண் ரொம்ப மரியாதையாகச் சொல்கிறார்: "இதுதாங்க நான் தாலி கட்டின போட்டோ. லைவ்ல இப்படித்தான் வந்துச்சு." கோபியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த துபாய் சித்தப்பா, என்னைப் பார்த்ததும் அழுதுகொண்டே கட்டிப்பிடித்து, "மாப்ள, வாயில ஒண்ணும் இல்லையே" என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள். அவன் அம்மாவும் சிரித்தார். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். ஒன்று கேட்கிறேன். நீங்கள் கோயிலுக்குப் போகிறவரோ, சர்ச்சுக்கோ, மசூதிக்கோ, எங்கேயும் போகாதவரோ, எனக்குத் தெரியாது. இன்றைக்கு விளக்கேற்றும்போதோ, தூங்கப்போகும் முன்போ, ஒரு நிமிஷம் கோபி என்று சொல்லி எங்கள் கோபிக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அவனுக்கு அங்கே வலி இருக்கக் கூடாது, தாகத்துக்கு அளக்காமல் தண்ணீர் கிடைக்க வேண்டும். அது போதும்.